ஒல்லாந்தர் போட்ட கோச்சிப் பாதை

மாத்தளைக்கு ரயில் வரும் கோச்சிப் பாதையை ஒல்லாந்தர்தான் போட்டார்கள் என்று இருபத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். பழியை வாப்பா மேல் போடலாம். எங்கள் வீட்டில் கெட்டியாக எது இருந்தாலும் அவருக்கு அது ஒல்லாந்தர் காலத்தது: கடைக்கதவு, அலுமாரிப் பூட்டு, ஒருமுறை உம்மா சுட்ட ரொட்டிகூட. தண்டவாளத்தைவிடக் கெட்டியான சாமான் மாத்தளையில் வேறு என்ன இருந்தது?

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்களில் கண்டியிலிருந்து நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. ரயில்வே கிளாக்கர் வேலை. பாதையின் சரித்திரத்தைக் கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். கறுவாப்பட்டை ஏற்ற ஒல்லாந்தர் பாதை போட்ட பெருமையை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி நெட்டுருப் போட்டேன். வேலை கிடைத்தால் மேசை, நாற்காலி, பென்ஷன். கிடைக்காவிட்டால் வாப்பாவின் கடையில் கருவாடு நிறுக்க வேண்டும். மச்சானின் கோட்டை மாட்டிக்கொண்டு காலைக் கோச்சியில் ஏறினேன்.

எதிரே மிளகு மூட்டையோடு ஒரு வியாபாரி. நான் முணுமுணுப்பதைப் பார்த்து, "என்ன தம்பி, ஓதுறீங்களா?" என்றார்.

"இல்ல காக்கா, இன்டர்வியூவுக்குப் பாடம்" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லி, தமிழில் ஒப்பித்துக் காட்டினேன்.

அவர் சிரித்த சிரிப்பில் மூட்டை சரிந்தது. "ஒல்லாந்தக்காரன் போறப்ப ஒலகத்துலயே கோச்சி இல்ல தம்பி! இது இங்கிலீஷ்காரன் போட்டது. கோப்பி ஏத்த."

"நெசமாவா?"

"பின்ன? ஏன்ட மொளகு ஏத்தவா போட்டான்?"

அந்நேரம் டிக்கட் பரிசோதகர் வந்தார். ரயில்வேக்காரருக்குத் தெரியாமல் போகுமா என்று அவரிடமும் கேட்டேன்.

"யாரு போட்டா ஒங்களுக்கென்ன? டிக்கட்டக் காட்டுங்க."

அதுவும் உடனே அகப்படவில்லை. மச்சானின் கோட்டுக்கு எத்தனை பை என்று எனக்கெப்படித் தெரியும்?

பிறகு தலை நிமிரவில்லை. தாளில் ஒல்லாந்தரை அடித்து ஆங்கிலேயரையும், கறுவாவை அடித்துக் கோப்பியையும் எழுதிக்கொண்டே போனேன். கோச்சி எங்கே நின்றது, எங்கே புறப்பட்டது, ஒன்றும் தெரியாது. திடீரென்று கண் இருட்டியது. மயக்கம்தான் என்று முடிவு செய்து வியாபாரியின் கையை இறுகப் பிடித்தேன்.

"தம்பி, இது டனல். கைய விடுங்க."

கண்டியில் மூன்று துரைமார் உட்கார்ந்திருந்தார்கள். சரித்திரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடுவில் இருந்தவர், மாத்தளையிலிருந்து கண்டி வரை ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். பிறந்ததிலிருந்து நான் போய்வரும் பாதை. உக்குவளை என்றேன். அடுத்து கட்டுகஸ்தோட்டை என்றேன். அதற்கடுத்து மறுபடி உக்குவளை.

"கோச்சி திரும்பிவிட்டதா?" என்றார் அவர். "வத்தேகம எங்கே?"

"அது ஒல்லாந்தர் காலத்தில் இல்லை, சேர்" என்றது என் வாய். நான் தடுப்பதற்குள் சொல்லிவிட்டது.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. வேலையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். நான் கடைக்குப் போனேன்.