நாகலிங்கம் இறந்ததற்குச் சாட்சி

வளைகுடா நாட்டு முசஃபாவின் பட்டறைகளில் பத்தொன்பது ஆண்டுகளாக வெல்டிங் செய்துவரும் கார்மேகம், முதுகுளத்தூர்ப் பக்கத்தவர். கல்வி எட்டாம் வகுப்போடு நின்றது. எனினும் கம்பெனி நடத்திய முதலுதவிப் பயிற்சியில் தேறி, அதற்குரிய பச்சை அட்டையைக் கழுத்தில் அணிந்தவர். தொழிலாளர் கேம்ப்பில் அவரைக் ‘கம்பவுண்டர்’ என்று கேலி செய்வார்கள். காய்ச்சல் கண்டால் அவரிடமே வருவார்கள்.

சென்ற ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த கையோடு, இரும்புக்கடை ஜெய்னுலாப்தீன் கேம்ப் வாசலில் பிரியாணிப் பொட்டலம் வழங்கினார். பள்ளி இறுதியாண்டு படிக்கும் அவர் மகள் ஹிஃப்ஸா அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற சக தொழிலாளி நாகலிங்கம் வெயிலில் சுருண்டு விழுந்தார். கார்மேகமே அவரை நிழலுக்கு இழுத்தார். சட்டையைக் கிழித்து, நனைத்த துணி போர்த்தி, ஜூஸ் பெட்டியிலிருந்த ஐஸை அக்குளிலும் கழுத்திலும் வைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கை ஓயவில்லை. மூன்றாம் நாள் நாகலிங்கம் நடந்தே அறைக்குத் திரும்பினார்.

அக்டோபரில் தந்தையும் மகளும் ஒரு தாளோடு வந்தனர்.

“அங்கிள், இங்க ஒரு சைன் மட்டும். ஏன் டாக்டராகணும்னு அயர்லாந்து மெடிக்கல் காலேஜுக்கு நான் எழுதுன ஸ்டேட்மெண்ட். நடந்தது உண்மைன்னு ஒரு சாட்சி வேணும்.”

“இங்கிலீசுல இருக்கே தாயி. தமிழ்ல சொல்லு.”

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்தத் தாளின்படி, நிழலுக்கு இழுத்தவள் அவள். ஐஸ் வைத்தவளும் அவள். பெயரற்ற அந்தத் தொழிலாளி அவள் கைகளிலேயே உயிர் துறந்தான். அக்கணமே அவள் மருத்துவராக உறுதி பூண்டாள்.

“யாரு செத்தது?”

“அட்மிஷன் கன்சல்டண்ட்தான் சொன்னார், அங்கிள். காப்பாத்துனது எல்லாரும் எழுதுற தீம்தானாம். டெத் இருந்தாத்தான் மனசுல நிக்குமாம்.”

ஒரு கருப்பொருளுக்காக உயிருள்ளவனைக் கொன்றுவிட்டு, அதற்குச் சாட்சியும் தேடி வந்திருந்தார்கள். அதுவும் அவ்வுயிரைக் காத்தவரிடமே!

கார்மேகம் சமையற்கட்டை நோக்கிக் கூவினார். “டேய் நாகு! இங்க வா. நீ செத்துப் போயிட்டியாம்!”

மாவு ஒட்டிய கையோடு வந்த நாகலிங்கம் விவரம் கேட்டுச் சிரித்தார். “போகட்டும்ணே, பிள்ள படிக்கட்டும். ஆபீசுல மட்டும் சொல்லிறாதீக, சம்பளத்த நிப்பாட்டிருவான்.”

“சிரிக்காதடா! ஒம் பொஞ்சாதி வடிவுக்கு நான்தான போனப் போட்டு, ஒம் புருசன் பொழச்சுக்கிட்டான்னு சொன்னேன்? இப்பச் செத்துட்டான்னு கையெழுத்துப் போடவா?”

ஜெய்னுலாப்தீன் முகம் சுளித்தார். “என்ன கார்மேகம், ஒரு கையெழுத்துக்குப் போயி... அயர்லாந்துக்காரன் வந்தா பாக்கப் போறான்?”

“பாக்க மாட்டான் பாய். நான் பொழைக்க வச்ச ஒரே ஆளு இவன். நான் செஞ்சதத்தான் எடுத்துக்கிட்டீக. இவன் உசுரையுமா எடுக்கணும்?”

பேனாவைப் பறித்து, தாளின் அடியில் தமிழில் எழுதினார்: ‘நாகலிங்கம் உயிரோடு இருக்கிறார். அவருக்கு முதலுதவி செய்தவன் நான்.’ கையெழுத்திட்டு, முதலுதவி அட்டையின் எண்ணையும் குறித்தார்.

“கெடுத்துட்டியே! வாம்மா, வேற கேம்ப்புல ஆளா கெடைக்காது?” என்று காரை நோக்கி நடந்தார் ஜெய்னுலாப்தீன்.

ஹிஃப்ஸா நகரவில்லை. “நான் அன்னைக்கு ஒண்ணுமே பண்ணல, வாப்பா. போனைப் புடிச்சுக்கிட்டே நின்னேன்.”

கார்மேகத்திடம் பேனாவை வாங்கிப் பொய்யான வரிகளை ஒவ்வொன்றாக அடித்தாள். அடித்து முடித்தபோது அப்பக்கத்தில் மேலே அவள் பெயரும், கீழே கார்மேகம் எழுதிய இரண்டு வரிகளுமே எஞ்சின.