நாலாம் மாடி ஹாப்ஸ் கொடி

ரங்கூன் லான்மடாவில் நாலாம் மாடியில் குடியிருந்த ராஜரத்தினத்துக்குப் பிரிஜ் பழுதுபார்ப்பது தொழில். 1997-இல் கியாக்டடாப் பகுதியில் ஓர் ஓட்டலுக்குக் கம்ப்ரசர் மாற்றப் போனபோது, அங்கிருந்த வெள்ளைக்காரச் சமையல்காரர் தாம் காய்ச்சிய பீர் என்று ஒரு கிளாஸ் நீட்டினார். ஐஸ் கட்டி போட்டுக் குடிக்கும் கடை பீர்தான் அதுவரை ராஜரத்தினம் அறிந்தது. இது செம்பு நிறம். நாக்கில் கசந்தது, விழுங்கிய பிறகு எலுமிச்சை இலை மணம் நின்றது. எதனால் இந்தக் கசப்பு என்று விசாரித்தார். ஹாப்ஸ் என்ற கொடியின் பூ என்று பதில் வந்தது.

அந்த வாரமே ஆரம்பித்துவிட்டார். பார்லியை ஊறவைத்து, மொட்டை மாடியில் முளைகட்டி, காயவைத்து வறுத்தார். அலோனில் இருந்த சிநேகிதர் இராமையா கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஆயில்மேன். அவர் சீமைத் துறைமுகங்களிலிருந்து ஹாப்ஸ் வாங்கிவந்தார். பூவை இடித்து அழுத்தியது, பார்க்க முயல் புழுக்கை மாதிரி இருந்தது. முதல் தடவை நுரைத்து அடங்குமுன் மூடி போட்டதில் பாட்டில்கள் படபடவென்று வெடித்தன. கீழ்வீட்டார் தெருவுக்கு ஓடினார்கள். விசாரிக்க வந்த வட்டாரத் தலைவர் தப்பிய பாட்டிலில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "அடுத்த வாட்டி கேஸைக் குறைங்க, கோ ராஜா" என்று பர்மியத்தில் அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

ஆனால் கரண்ட் போய்ப்போய் வந்ததில், பிரிஜில் வைத்த ஹாப்ஸ் பழைய பாலாடைக்கட்டி நாற்றம் எடுத்தது. பூ எப்போதும் கைக்கெட்ட வேண்டுமானால் கொடியே வேண்டும் என்று பட்டது. 2004-இல் இராமையா ஈரக் காகிதத்தில் சுற்றி ஒரு வேர்த்துண்டு கொண்டுவந்தார். பால்கனித் தொட்டியில் நட்டதும் கொடி சுவரேறியது. இரண்டு வருடம் இலைதான், பூ இல்லை.

"பனி பார்க்காம இது பூக்காதாம். வளந்து முடியறவரைக்கும் பகல் வேற நீளமா இருக்கணுமாம்" என்றார் இராமையா. அடுத்த கப்பலில் விசாரித்து வந்திருந்தார்.

ராஜரத்தினம் யோசித்தார். ரங்கூனில் பனிக்காலம் கிடையாது. ஆனால் அவர் பிரிஜ்காரர். கொடியை வெட்டிவிட்டு, வேரை மண்ணோடு துணிப்பையில் கட்டி வீட்டு பிரிஜின் கீழ்த்தட்டில் வைத்தார்.

"இதென்னங்க, மீன் வைக்கிற எடத்துல மண்ணு?" என்றார் மனைவி விஜயகுமாரி.

"மாசிக்கு எடுத்துருவேன்."

"அதுவரைக்கும் மீனு எங்க தூங்கும்?"

மீன் அடுத்த வீட்டு பிரிஜில் தூங்கியது. மாசியில் வேரை மறுபடி நட்டார். பொழுது சாய்ந்ததும் கார் பேட்டரியில் விளக்கைக் கட்டி, கொடிக்குப் பகலை நீட்டினார். கொடி நன்றாக வளர்ந்து மழை தொடங்கியதும் விளக்கை அவிழ்த்தார். 2007 ஆவணியில் கணுவுக்குக் கணு பச்சைப் பூ தொங்கியது. ஒன்றைக் கசக்கினால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டியது. எல்லாம் சேர்ந்து ஒரு சொளகு நிறையவில்லை.

தீபாவளிக்கு ஆறு பாட்டில் பீர் தேறியது. குடிப்பழக்கமே இல்லாத விஜயகுமாரி ஒரு மடக்கு வாங்கினார்.

"வேப்பம்பூ ரசத்துல நாரத்தந்தோல் போட்ட மாதிரி இருக்கு."

"நல்லாருக்கா, இல்லையா?"

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, சொல்றேன்."

அடுத்த மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் கொடியும் இல்லை, தொட்டியும் இல்லை. தெருவில் சாய்ந்து கிடந்த மரத்தடியில் வேர்த்துண்டு ஒன்று அகப்பட்டது. அதைப் புதுத் தொட்டியில் ஊன்றினார். ஊரெல்லாம் தண்ணீருக்கும் அரிசிக்கும் அலைந்த நாட்கள் அவை. ராஜரத்தினமும் வாளியோடு வரிசையில் நின்றார். தொட்டியை அவர் நினைத்தபோது வேர் அழுகியிருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டுக் கை கழுவினார்.

"இன்னொரு வேரு கொண்டாரவா?" என்று இராமையா கேட்டார்.

"பூ மட்டும் கொண்டா. வேரு வேணாம். நான் ஓட்டல் பிரிஜைப் பார்ப்பேனா, இதுக்குப் பனிக்காலம் பண்ணுவேனா?"

அதன்பின் இராமையா கரை வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் வந்தது. ராஜரத்தினம் அதை அப்போதைக்கப்போது காய்ச்சித் தீர்த்தார். 2010 வாக்கில் வட்டாரத் தலைவரும் சில சனிக்கிழமைகளில் ஒரு கிளாஸுக்கு மாடியேறி வந்தார். காய்ச்சியதில் புளித்துப்போனதை விஜயகுமாரி வினிகராக்கி, மாங்காய் ஊறுகாய் போட்டார்.