வாடை இல்லாத காற்று

கள்ளக்குறிச்சியில் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மூக்குதான் திசைகாட்டி. கரும்புக் கழிவின் வாடை வந்தால் காற்று ஆலைப் பக்கமிருந்து அடிக்கிறது. வராவிட்டால் கல்வராயன் மலைப் பக்கமிருந்து. ஆலைச் சங்கு ஊதினால் என் மனைவி அடுப்பில் டீக்குப் பால் வைப்பாள்.

இந்த இரண்டு பழக்கங்களையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு, மகளின் பிரசவத்துக்காக ஒரு வளைகுடா நாட்டுக்குப் போனோம். மருமகனுக்கு அங்கே எரிவாயு சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. அதை ஒட்டியே வேலி போட்ட குடியிருப்பு. குடும்பத்தாருக்கென்று ஒரு பாதுகாப்புக் கையேடு. தாலுகா அலுவலகத்தில் ஓய்வு பெற்றவனுக்கு விதிமுறை கிடைத்தால் சோறு வேண்டாம். குடியிருப்பிலேயே அதை முழுவதும் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

குழந்தை பிறந்த பிறகு ஒரு நாள், மருமகன் வேலையில் இருந்தபோது, நிலையத்துச் சங்கு விட்டு விட்டு ஊதியது. கையேட்டின்படி, அப்படி ஊதினால் வாயுக் கசிவு. ஒரே நீளமாக ஊதினால் ஆபத்து நீங்கியது என்று பொருள். மனைவி வழக்கம்போல லைட்டரோடு அடுப்புக்குப் போனாள். பிடுங்கினேன். ஏசியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, மூன்று தலைமுறைப் பெண்களையும் ஜன்னலில்லாத உள்ளறைக்குள் தள்ளி, கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தேன்.

“இன்னாங்க இது, கோழியக் கூடையில கவுத்த மாதிரி?” என்றாள் மனைவி.

“அடுத்த சங்கு வரைக்கும் யாரும் வெளியே போகக்கூடாது.”

“தாலுகா ஆபீஸ்லதான் ஜனங்கள ஒக்கார வெச்சீங்க. இங்கியுமா?”

அறை உலையானது. குழந்தை வீறிட்டது. மகள் கணவனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள், பதில் இல்லை. நிலையத்துக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை என்று சொன்னேன். முறைத்தாள்.

“அவரு இன்னா ஆனாருன்னே தெரியல. தொறங்கப்பா.”

“ஒரு வாடையும் இல்லியே,” என்றாள் மனைவி. “காத்து அந்தப் பக்கம் போய்க்கினு இருக்குது. கொழந்த வெந்துடும்.” அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

கையேட்டில் படித்ததை நான் சொல்ல வேண்டியிருந்தது. எரிவாயுவோடு கலந்து வரும் இந்த நச்சு வாயு முதலில் அழுகிய முட்டையாக நாறும். அதிகமானால் மூக்கையே மரத்துப்போக வைக்கும். வாடை இல்லை என்பது நல்ல சேதியாகவும் இருக்கலாம், கடைசிச் சேதியாகவும் இருக்கலாம்.

அவள் கை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுகையை நிறுத்தியது. மகள் அதன் மூக்கருகே விரலை வைத்தபடி என்னையே பார்த்தாள். புழுக்கத்தில் துவளும் கைக்குழந்தையைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரி கிடையாது.

நீளச் சங்கு ஊதியது. கதவைத் திறந்து, ஏசியைப் போட்டு, ஈரத்துணியால் துடைத்ததும் குழந்தை மறுபடி அழுதது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

மருமகன் மாலையில் முழுசாக வந்தார். “சின்ன லீக்தான் மாமா,” என்று சொல்லிவிட்டு டீ கேட்டார். யாரும் அடுப்படிப் பக்கம் போகவில்லை.

மகள் எங்களோடு வருகிறேன் என்றாள். ஆனால் கணவனைத் தனியே விட மனமில்லை; அவரோ ஒப்பந்தம் முடியாமல் வேலையை விட முடியாது. நாங்கள் மட்டும் திரும்பினோம்.

இப்போது ஆலைச் சங்கு ஊதினால் எனக்கு டீ வருவதில்லை. மனைவி ஜன்னல்களைச் சாத்திவிட்டு மகளுக்குப் போன் போடுகிறாள்.

“அங்க காத்து எந்தப் பக்கம்மா அடிக்குது?”

“தெரியலம்மா. நாங்க ஜன்னலத் தொறக்கிறதே இல்ல.”