ஈ உட்காராத புல்லெலி

என் மனைவி போகுவா புல்லெலி அறுக்கும்போது எஜுரா சாலையில் லாரிகள் ஹாரனை அடக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்; ஆனால் பார்த்தவர்கள் யாரும் என்னைத் திருத்தியதில்லை. நாணல் புதரில் மேயும், பூனையளவு கொழுத்த புல்லெலி அது. நாய் கவ்விவந்த சூடு ஆறுமுன் வயிற்றைத் திறந்துவிடுவாள். விரல்கள் கத்திக்கு முன்னால் தோலைத் தூக்கிக்கொண்டே போகும். குடலில் ஒரு கீறல் விழாது. பித்தப்பையை ஈரல் ஓரத்தோடு சேர்த்தே எடுத்துவிடுவாள். மயிரைப் பொசுக்கி, சுரண்டி, கழுவி, விரித்துக் கம்பிவலைமேல் போட்டு விறகுப்புகை காட்டுவாள். தட்டினால் கதவைத் தட்டுவதுபோல் சத்தம் வரவேண்டும், அதுவரை இறக்கமாட்டாள். மழைக்காலத்தில் பூசணம் எட்டிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும்.

எங்கள் மகள் செர்வாவின் குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாள். செர்வாவின் மாமனார் ஜாம்ஃபி தோளில் துப்பாக்கியும் கையில் புல்லெலிகளுமாக வந்தார். விடியற்காலையில் தானே சுட்டதாக எங்கள் வீட்டு முற்றம் முழுக்கச் சொன்னார். அன்றைய விருந்துக்கு அதுதான் குழம்பு.

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். போகுவா ஒன்றைப் புரட்டினாள். குண்டு பட்ட துளை இல்லை. கண்ணி இறுகிய தடம் இல்லை, நாய்ப்பல்லும் இல்லை. வாயில் நுரை. நுரையருகே ஈக்கள் செத்துக் கிடந்தன. அவள் கை நின்றது.

உரக்கச் சொன்னால் வாழப்போன வீட்டில் செர்வா தலைநிமிர முடியாது. சொல்லாவிட்டால் முற்றமே விஷத்தைத் தின்னும்.

போகுவா சிரித்தாள். "எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு சம்பந்தி. சுட்டவங்கதான் முதல்ல ஈரலைத் தின்னணும். இருங்க, வாட்டித் தர்றேன்."

அப்படியொரு வழக்கம் அந்த நிமிஷம் வரை பூமியில் இருந்ததில்லை.

அந்த நுரையைப் பார்த்த ஜாம்ஃபியின் நெற்றி வேர்த்தது. கிட்டே வந்து குனிந்தார். ரோட்டோரப் பசங்களிடம் வாங்கியதாம்; எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்கவில்லையாம். "புகையில போட்டா சரியாயிடாதா?" என்றார்.

"ரத்தம்னா கழுவலாம் சம்பந்தி. இது வயலுக்கு அடிக்கிற மருந்து. கழுவினாலும் போகாது, புகைக்கும் போகாது. மண்வெட்டி கொல்லையில இருக்கு, வாங்க."

நாய் தோண்டாத ஆழத்தில் அவரையே புதைக்கவைத்தாள். மேலே கல்லையும் தூக்கிவைக்கச் சொன்னாள். கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பிறகு சந்தைக்கென்று புகைத்து வைத்திருந்த தன் இறைச்சி முழுவதையும் இறக்கி, பனம்பழக் குழம்பில் போட்டாள். ஒரு முணுமுணுப்பு இல்லை.

கிழங்கை இடித்துப் பிசைந்த ஃபுஃபு உருண்டையோடு கிண்ணங்கள் காலியாயின. எல்லோரும் ஜாம்ஃபியின் வேட்டையைப் புகழ்ந்தார்கள். ஒரு கிழவர் மட்டும், பல்லில் ஒரு குண்டுகூட அகப்படவில்லையே என்றார்.

"சம்பந்தி சுட்டா அப்படித்தான்," என்றாள் போகுவா, அகப்பையோடு. "குண்டு உள்ள போய் வேலையை முடிச்சிட்டு, சொல்லிக்காம வெளிய வந்துடும்."

செர்வா பெருமை பொங்க மாமனாருக்கு இன்னொரு துண்டு வைத்தாள். அவர் கிண்ணத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் போகுவாவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் குழம்பு ஆறி ஏடு கட்டியிருந்தது.