பொட்டு வைத்த பாலிசி

கும்மிடிப்பூண்டியில் எனக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை இன்சூரன்ஸ் பாலிசிக்கும் பொட்டு வைப்பேனே தவிர, ஒருமுறைகூடப் பிரித்துப் படித்ததில்லை.

போன மழையில் மோட்டார்கள் மூழ்கின. சேதம் பார்க்க வந்த சர்வேயர் அம்மா தாளைத் திருப்பிக் காட்டினார். "தீ, இடிக்குத்தான் சார் பணம் வரும். பிரீமியம் குறையணும்னு, வெள்ளத்த வேணாம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

என் கையெழுத்துதான். கூசிப்போனேன். அவரோ கிளம்பிவிடாமல் உட்கார்ந்து, எதற்குப் பணம் வரும், எதற்கு வராது என்று வரிவரியாக விளக்கினார்.

மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் காயில் கட்டி, பட்டறை மறுபடி ஓடுகிறது. இந்த ஆயுத பூஜையன்று புதுப் பாலிசியைச் சத்தமாகப் படித்தேன்.

"இன்னா மொதலாளி, மந்திரம் சொல்லிக்கினு கீறீங்க?" என்றார் ஆபரேட்டர்.

வெள்ளம் என்ற வரி வரும்வரை நான் நிறுத்தவில்லை. அதைக் கண்ணால் பார்த்த பிறகே பொட்டு வைத்தேன்.