கஞ்சி நூலும் மல்கோவா ஒட்டும்

நான் ஐந்தாம் பாரம், அதாவது பத்தாம் வகுப்பு, போன வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாக விவசாயப் பிரிவு திறந்தார்கள். சுற்றிலும் மானாவாரிக் காடும் தோட்டமும் உள்ள ஊர்கள், பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்து சேர்வார்கள் என்று மேலே யாரோ நினைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பண்ணையக்காரர் வீட்டுப் பையன்கள் பெரும்பாலும் டைப் அடிக்கும் பிரிவுக்கு ஓடிவிட்டார்கள். "மம்முட்டி புடிக்கறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குங்க சார்? அது ஊட்லயே கெடக்குது" என்று ஒருவன் வாத்தியாரிடம் நேராகவே கேட்டான். மிச்சம் இருந்தவர்களில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவன் நான் ஒருவன்தான். ராசிபுரத்து நெசவுக்காரர் தெருவில் பிறந்தவன். எங்கள் தெருவில் மண்ணை மிதிப்பார்களே ஒழிய உழுவதில்லை.

தெரியாத்தனமாக நான் சேரவில்லை. யோசித்துத்தான் சேர்ந்தேன். யுத்தம் முடிந்தும் நூலுக்குக் கட்டுப்பாடு விடவில்லை. பங்கீட்டில் வரும் நூல் எங்கள் வீட்டில் ஒரு தறிக்கே காணவில்லை. நூலுக்கு வரிசையில் நிற்க வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை என்பது என் கணக்கு. நிலமே இல்லாதவனுக்கு மழை எதற்கு என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தேன். அரசாங்கப் பழத்தோட்டத்தில் வேலைக்குப் போவேன். அந்த வயதில் எனக்குத் தெரியாத பதிலே கிடையாது.

என் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் எனக்கென்று ஒரு தறி போட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. குழித்தறிக்கு முதலில் வெட்டுவது நெய்கிறவன் கால் வைத்துக்கொள்ளும் குழி. ஒரு நல்ல நாள் பார்த்து, அந்தக் குழியை அவரே வெட்டினார். அதற்குள் நூல் தட்டுப்பாடு வந்துவிட்டது. தறியும் வரவில்லை, மேலே கூரையும் வரவில்லை. மழைத் தண்ணீர் இறங்காமல் பலகை போட்டு மூடி, அது எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"காடில்லாதவன் வெவசாயம் படிக்கறதைக் கேட்டா தெரு சிரிக்குமல்ல, சாமி?" என்றார் அப்பா.

"சிரிக்கட்டுங்கப்பா. படிச்சு முடிச்சா சிரிக்க மாட்டாங்க."

அவர் கொஞ்ச நேரம் தறியை ஓட்டிவிட்டுச் சொன்னார். "பரீட்சைல தேறீட்டேன்னு காயிதம் கொண்டாராத. எனக்கு அது தெரியாது. உன்ற கையில ஆக்குன செடி ஒண்ணை உசுரோட ஊட்டுக்குக் கொண்டா. கொண்டாந்தா நீ போற பக்கம் போ. இல்லீன்னா குழியில எறங்கு."

சரி என்றேன். ஒரு செடிதானே என்று நினைத்தேன்.

முதல் வருஷம் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் எங்களுக்குப் பாத்தி பிரித்துக் கொடுத்தார்கள். மண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கோடு தெரியும். தறிக்குப் போகும் நீள நூலைத் தெருவில் பாவாக விரிக்கும்போது ஓர் இழை விலகினால் அடி விழுந்து வளர்ந்தவன். கயிறு பிடிக்காமலே கத்தரி நாற்றை நேராக நட்டேன். டைப் பிரிவில் சேர்ந்த மாந்தோப்புக்காரர் மகன் வேலியோரம் நின்று, "ஏனுங்க, கத்திரிக்காய்க்கு ஜரிகைக் கரை எப்பங்க வெப்பீங்க?" என்று கேட்பான். அவனும் நானும் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். காய்த்ததும் முதல் கூடையை அவன் தலையில்தான் ஏற்றி அனுப்பினேன்.

ஆறாம் பாரத்தில் மாமர ஒட்டு வந்தது. செய்முறைப் பரீட்சைக்கு ஆளுக்கொரு ஒட்டுச் செடி காட்ட வேண்டும். அதுவே என் அப்பா கேட்ட செடி என்று நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். தாய்மரம் அந்தத் தோப்புக்காரருடைய மல்கோவா. அதன் தாழ்ந்த கிளைகளை ஒட்டிப் பரண் கட்டி, கொட்டை போட்டு முளைத்த கன்றுகளைச் சட்டியோடு தூக்கி வைத்தோம். கன்றின் தண்டில் ஒரு சீவல், கிளையில் ஒரு சீவல், இரண்டு காயத்தையும் முகத்தோடு முகம் வைத்து இறுக்கிக் கட்டி, மேலே களிமண்ணும் சாணியும் அப்ப வேண்டும். இரண்டும் கூடிவிட்டால் கிளையைத் தாய்மரத்திலிருந்து அறுத்துவிடலாம். கட்டுவதற்கு வாழைநார் கொடுத்தார் வாத்தியார்.

எனக்கு நாரைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. கட்டுவது யாருடைய வேலை? பாவு முடியும்போது நெய்ய முடியாமல் தறியில் முழ நீளத்துக்கு நூல் மிஞ்சும். அதில் ஒரு பிடியை மடியில் கொண்டுபோயிருந்தேன்.

"நார் வேண்டாமா?" என்றார் வாத்தியார்.

"நூல்தாங்க சார். நாரு நழுவும். எங்க முடிச்சு நழுவாதுங்க."

"உன் செடி, உன் மார்க்" என்று அவர் அடுத்த பரணுக்குப் போய்விட்டார்.

அறுந்த இழையை முடிகிற மாதிரி சின்னதாக, கெட்டியாக முடிச்சுப் போட்டேன். எல்லாருடைய கட்டையும்விட என் கட்டு அழகாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தோப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் போனால் என் சட்டிமேல் ஒரே எறும்பு. கிளை வழியே சாரை சாரையாக வந்து களிமண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. மண்ணை அணில் பிறாண்டியிருந்தது. கட்டு தளர்ந்து, காயம் இரண்டும் வாய் பிளந்து கறுத்திருந்தன. மற்றவர்களுடைய நார்க்கட்டில் ஓர் எறும்பு இல்லை.

நூலை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். பாவு நூல். எங்கள் வீட்டில் பாவு என்றால் விறைப்புக்குச் சோற்றுக்கஞ்சி போடாமல் தறி ஏறாது. பிறந்தது முதல் கஞ்சி வாசத்தில் கிடந்த என் மூக்குக்கு அந்த வாசம் எட்டவே இல்லை. மரத்துக்குச் சோறு கட்டிவிட்டு வந்திருக்கிறேன். எறும்பு வராமல் என்ன செய்யும்?

மாந்தோப்புக்காரர் மகனுக்கு அன்று கொண்டாட்டம். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சும்மாவா சொன்னாங்க? அடுத்த தடவை கொழம்பும் ஊத்தி வெச்சுருங்க" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே பயம் பிடித்துக்கொண்டது. பலகைக்கு அடியில் இருந்த குழி கண்முன் வந்தது.

கன்று சாகவில்லை என்பதுதான் ஒரே நல்ல செய்தி. "பழைய காயத்துக்குக் கீழே, மறுபக்கம் சீவு. வேறு கிளை பார். இந்தத் தடவையாவது நார் கட்டு" என்றார் வாத்தியார்.

"தப்பு நூல் மேல இல்லீங்க சார், கஞ்சி மேல" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார்.

வீட்டில் வெந்நீர் வைத்து, நூலை அலசி அலசிக் கஞ்சியை எடுத்தேன். அப்பா பார்த்துவிட்டார். "தெருவே கஞ்சி போட்டுட்டு இருக்குது, நீ கஞ்சியை எடுக்கறயா?"

"மாங்கன்னுக்குங்கப்பா."

"நூலுக்கு நாயாட்டம் அலையறோம், நீ மரத்துக்குக் கட்டறயா?" என்றார். ஆனால் பிடுங்கவில்லை. கஞ்சி போன நூல் சவசவத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். ரெட்டை இழையாகச் சேர்த்து முறுக்கேற்றி, எறும்பு அண்டாமல் விளக்கெண்ணெய் தடவினேன். புரட்டாசியில் மறுபடியும் கட்டினேன்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் தோப்புதான். சட்டி காயாமல் தண்ணீர் ஊற்றுவேன், மண் வெடித்தால் பூசுவேன், ஓர் எறும்பைக் கண்டாலும் கிளையை முழுக்கத் துடைப்பேன். மார்கழியில் கிளையைப் பாதி அறுத்துவிட்டேன். தை பிறந்ததும் மீதியை அறுக்கும் நாள் வந்தது. பரணில் ஏறிக் கத்தியை வைத்தேன். மாந்தோப்புக்காரர் மகன் கீழே சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அன்று கேலி பேசவில்லை. அறுத்தேன். செடி சட்டியில் நின்றது. அடுத்த அமாவாசைக்குள் தாமிர நிறத்தில் கொழுந்து விட்டது. அவன்தான் முதலில் பார்த்து, டைப் வகுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து சொன்னான்.

பரீட்சைக்கு வந்த அதிகாரி என் கட்டை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். நார்க்கட்டுகளில் சில இற்றுப்போயிருந்தன.

"இதை யார் கட்டியது?"

"நானுங்க. நெசவுக்காரர் ஊட்டுப் பையனுங்க."

அவர் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனார். மார்க்கைப் பற்றி எனக்குச் சந்தேகமும் இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். பாவு விரித்திருந்தார்கள். கொழுந்து இழையில் பட்டுவிடாமல் சுவர் ஓரமாகவே நடந்தேன். கஞ்சிக் கையோடு நின்றவர்கள் பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை.

அப்பா தறியை விட்டு எழுந்து வந்தார். கொழுந்தைப் பார்க்கவில்லை. முதலில் முடிச்சைத்தான் தொட்டுப் பார்த்தார், பாவில் இழை பார்ப்பது போல.

"எளகல" என்றார்.

"எங்கீங்கப்பா நடறது? மூணடிக்கு மூணடி குழி வேணுங்க. நாளைக்கு வெட்டறேன்."

அவர் வீட்டுக்குப் பின்னால் போனார். நான் சட்டியோடு பின்னால் போனேன். குனிந்து பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் சாத்தினார்.

"தனியா எதுக்குச் சாமி வெட்டோணும்? உனக்கு வெட்டுனது இருக்குதல்ல" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷம் ஒரு பக்கம், அவர் முகத்தைப் பார்க்க முடியாத வேதனை ஒரு பக்கம். குழியில் இறங்கி அடிக்கோலால் அளந்தேன். நீளமும் அகலமும் சரியாக இருந்தன, ஆழம்தான் அரையடி போதவில்லை. அப்பா மண்வெட்டியை நீட்டினார். மீதியை நான் வெட்டினேன்.