மௌனிகா பேர் போட்ட கார்டு

என் நாத்தனார் மௌனிகாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. விடிவதற்கு முன்னே மீனாட்சிபுரம் பால் சங்கத்துக்குப் போய்ப் பாலைச் சோதித்துக் கொழுப்பு அளவு எழுதுகிற வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே பேசுவாள். "ஒரு பக்கம் உக்காரு அம்மிணி" என்று சொல்லிச் சொல்லி என் மாமியார் பூவாத்தாள் ஓய்ந்துபோனார். அப்பேர்ப்பட்டவளை ஒரு கார்டு படுத்திய பாட்டை நான் சொன்னால்தான் சரியாக வரும். அதில் நானும் மாட்டினேன்.

ஐப்பசியில் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்தோம். மாப்பிள்ளை பூபதிராஜாவுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவன் அம்மா முத்தாத்தாள், தட்டில் வெற்றிலை, பழம், புடவையோடு ஒரு சின்ன உறையையும் வைத்தார். உள்ளே கிரெடிட் கார்டு. கணக்கு பூபதிராஜாவுடையது, கார்டின் மேல் பேர் மட்டும் மௌனிகாவுடையது. விண்ணப்பத்தில் உறவு என்ற இடத்தில் இப்போதே 'மனைவி' என்று போட்டுவிட்டானாம். மண்டபமே சிரித்தது, நானும் பல்லைக் காட்டினேன். எனக்கு நிச்சயம் செய்தபோது ஒரு கைக்கடிகாரம் வைத்தார்கள், அது மறுமாதமே நின்றுவிட்டது. உள்ளுக்குள் பொறாமையாகத்தான் இருந்தது.

முதலில் அந்தக் கார்டில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டாள். வண்டியை எடுப்பதற்குள் பூபதிராஜாவிடமிருந்து போன். "எங்க கெளம்பிட்ட?" சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அடுத்து செருப்பு வாங்கினாள். "பழசுக்கு என்னாச்சு?" அடுத்து பேக்கரி. "கூட யாரு?" அவள் எங்கே கார்டைத் தேய்த்தாலும் சேதி அவன் போனுக்குப் போய்விடும். "மாப்ள எத்தன பாசமா விசாரிக்கறாரு பாரு" என்று மாமியார் பூரித்துப்போனார்.

மௌனிகா கார்டை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். கொஞ்ச நாளில் அதற்கும் போன் வந்தது. "ஒண்ணுமே வாங்கறதில்லையே, என்ற மேல கோவமா?"

அன்றைக்கு வாசலுக்கும் மாட்டுக் கட்டுத்தரைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். "வாங்குனாலும் கேக்கறாங்க, வாங்காட்டியும் கேக்கறாங்க. நா என்னதானுங் நங்கையா பண்றது?" என்றாள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். "கல்யாணம் ஆனா எல்லாஞ் செரியாப் போயிரும்" என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னவென்று தெரியாமல் வீட்டில் சொன்னால் மாமியார் ஒப்பாரியே வைத்துவிடுவார், என் வீட்டுக்காரர் அருள்குமார் சோறு தண்ணியை விட்டுவிடுவார். மௌனிகாவிடம் மட்டும் சொன்னேன். அவள் சங்கத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னைப் பொள்ளாச்சிக்குக் கூட்டிப் போனாள்.

கையில் இருந்த ரொக்கம் டாக்டருக்கே சரியாகிவிட்டது. ஸ்கேனுக்குக் கட்டலாம் என்று என் ஏ.டி.எம். கார்டை எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. என் வங்கிக் கணக்கில் கொடுத்திருப்பது வீட்டுக்காரர் நம்பர். நான் எது எடுத்தாலும் சேதி அவருக்குப் போகும். இத்தனை வருஷமாக அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

"நா கட்டறனுங் நங்கையா" என்று மௌனிகா கார்டை நீட்டினாள். அவளுக்கும் அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் போனுக்குப் பயந்து, அவள் மாப்பிள்ளை போனில் போய் விழுந்தோம். நல்ல புத்திசாலிகள்.

நாங்கள் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் முத்தாத்தாள் கூப்பிட்டுவிட்டார். மாமியார் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றார்.

"ஏனுங் சம்பந்தி, புள்ள ஸ்கேன் எடுத்திருக்குதாமா. கல்யாணத்துக்கு முன்னால எதுக்குங்க ஸ்கேனு?"

அந்த 'எதுக்கு' எங்கே போய்க் குத்துகிறது என்று பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். மாமியாருக்கு முகம் செத்துவிட்டது. "ஏம்புள்ள, எதுக்குப் போன? சொல்லு."

மௌனிகா அசையாமல் நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமே நின்றாலும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று தெரிந்துவிட்டது. அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஸ்கேன் எனக்குத்தானுங் அத்தை" என்றேன். "மார்ல கட்டி. மௌனி தொணைக்கு வந்தா, அவ்வளவுதான்."

போனில் பெருமூச்சு கேட்டது. "அட, உங்க மருமக நர்மதாவுக்குங்களா. அப்பச் செரி. நாங்க என்னமோ ஏதோன்னு பயந்துட்டமுங்க." வைத்துவிட்டார்.

அப்பச் சரியாம். கட்டி என் மார்பில் என்றால் சரியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார் பாவம், தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார்.

அடுத்து பூபதிராஜாவே மௌனிகாவைக் கூப்பிட்டான். அவளும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எல்லாம் கிளியர் ஆயிருச்சு மௌனி. அம்மா இப்ப ஹேப்பி."

"நங்கையாவுக்கு என்ன வந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே."

"ஆமால்ல, என்ன வந்துச்சு?"

"வெறுங் கொழுப்புக் கட்டியாமுங்க. பயப்பட ஒண்ணுமில்லீங்களாம்." பொள்ளாச்சியிலேயே டாக்டர் சொன்னதை, இருந்த கோபத்தில் நான் வீட்டில் சொல்ல மறந்திருந்தேன். மாமியார் அழுகையை நிறுத்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். மௌனிகா தொடர்ந்தாள். "அந்தக் கட்டி எனக்கு இருந்திருந்தா?"

"அப்ப வீட்டுல பேசித்தான ஆகோணும். யாரா இருந்தாலும் கேப்பாங்கல்ல."

"இந்தக் கார்டு எனக்கு வேண்டாமுங்க. நானே பேங்குல சொல்லி நிறுத்திக்கலாமுங்களா?"

"முடியாது. அக்கவுண்ட் என்னுது, நாந்தான் நிறுத்தோணும்."

"அப்பக் கார்ட நீங்க நிறுத்துங்க. கல்யாணத்த நா நிறுத்திக்கறனுங்க."

வீடு இரண்டுபட்டது. அருள்குமார் வந்து தங்கச்சியிடம் கத்தினார், கட்டி விஷயம் காதில் விழுந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் மறுநாளே மௌனிகாவோடு வங்கிக்குப் போய், என் கணக்குக்கு என் நம்பரைக் கொடுத்தேன்.

திரும்பும்போது பெட்ரோல் போட்டாள். ரொக்கமாகக் கொடுத்தாள். பிறகு வண்டியை எடுக்காமல் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கு அம்மிணி காத்திருக்கற?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "எங்க போறேன்னு இன்னும் கேக்கலையேன்னு நின்னுட்டனுங் நங்கையா" என்றாள்.